எக்மோர்ல அமராவதி கல்லு பாத்தாச்சு, போட்டோல பாத்ததும் இதும் ஒண்ணே இல்ல

தக்கலைக்காரன்:
ஓய் மக்களே, இந்தப் பக்கம் வந்து மாசக்கணக்காச்சு, ஆனா இதை எழுதாம இருக்க முடியல. நீளமா போவும், சாயா எடுத்து வச்சுட்டு வாசிங்க.

எனக்க மவ பத்தாங்கிளாஸ் படிக்கா. எங்கயோ போன்ல ஒரு படம் பாத்துட்டு ரெண்டு வருசமா அமராவதி கல்லு பாக்கணும் அமராவதி கல்லு பாக்கணும்னு ஒரே நச்சரிப்பு. ஆந்திராவுல அமராவதில இருந்த பழைய ஸ்தூபத்துல, அதாவது பௌத்தங்க கும்பிட்ட குவிஞ்ச மேட்டுல, பதிச்சிருந்த செதுக்கின கல்லாக்கும் அது. போன மாசம் மச்சினன் வீட்டு விசேஷம் சென்னைல வந்துது, செரி ஒரே கல்லுல ரெண்டு மாங்கான்னு கெளம்பியாச்சு. நாகர்கோவில்ல கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் ஏறி காலைல எக்மோர்ல எறங்கி, குளிச்சு இட்லி தின்னுட்டு நேரா பாந்தியன் ரோடு. போனா கேட்டு பூட்டி கெடக்கு. வெள்ளிக்கிழமையாக்கும். எக்மோர் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு, அதைக்கூட பாக்காம 700 கிலோமீட்டர் கூட்டிட்டு போன என்னைய என்ன சொல்ல. மவ ஒண்ணும் பேசல, அதான் இன்னும் கஷ்டமா போச்சு. பொறவு விசேஷம் முடிஞ்சு ஞாயித்துக்கிழமை காலைல போனோம், சாய்ங்காலம் ட்ரெயின்.

நான் என்ன நெனச்சேன்னா, ஆளு உயரத்துக்கு புத்தர் செலை வரிசையா நிக்கும், சுத்திப் பாத்துட்டு அரை மணிக்கூர்ல வந்துரலாம்னு. உள்ள போனா எல்லாம் பலகை பலகையா, வட்டம் வட்டமா வெளுத்த கல்லு, பாதி ஒடஞ்சது. மவ ஒரு வட்டக்கல்லு முன்னால போய் நின்னவ தான், நவரல. நளகிரி ஆனை, புத்தரைக் கொல்ல ஏவி விட்ட ஆனை. சொளவு ரெண்டை சேத்து வச்சா எம்புட்டு இருக்குமோ அம்புட்டு தான் அந்தக் கல்லு. அதுக்குள்ள ஒரு தெருவே இருக்கு மக்கா! இடது பக்கம் ஆனை மதம் பிடிச்சு வருது, ஒருத்தன் காலை தும்பிக்கையில சுத்திட்டு இருக்கு, இன்னொருத்தன் கீழ கெடக்கான். ஒரு பொம்பள பயந்து போய் பக்கத்துல உள்ள ஆளுமேல சாயிறா. மேல மாடில ஆளுவ எட்டிப் பாக்கு. வலது பக்கம் பாத்தா அதே ஆனை, புத்தருக்கு முன்னால முன்காலை மடக்கி கும்பிடுது. ரெண்டு ஆனை இல்ல, ஒரே ஆனை ரெண்டு தடவ. போட்டோல நான் இதை எத்தனை வாட்டி பாத்துருக்கேன், ரெண்டு ஆனைன்னுல்லா நெனச்சேன்.

மவ தரையில குத்த வச்சு இருந்து கீழ இருந்து பாக்கா, பொறவு பக்கவாட்டுல போய் சுவரை ஒட்டி நின்னு பாக்கா. நேரா நின்னா தெரியாத மொகமெல்லாம் சைடுல நின்னா நெழல் விழுந்து எந்திரிச்சு வருது. நாங்க அந்த ஒரு கல்லு முன்னால மட்டும் ஒரு மணிக்கூர் நின்னோம். மத்ததெல்லாம் ஓட்டமா பாத்தது தான்.

வேற யாராவது போனியளா? என்ன பாத்திய?

மயிலாடி_உளி:
அண்ணே நீங்க எழுதினதை பட்டறைல எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினேன். நான் பதினாறு வயசுல உளி பிடிச்சவன், எனக்க அப்பா, தாத்தா எல்லாரும் கல்லுவேலை தான். ஒரு விஷயம் சொல்றேன் கேளுங்க. அது பல்நாட்டு சுண்ணாம்புக்கல்லு. நம்ம கருங்கல்லு மாதிரி இல்ல. நம்ம கல்லு உளிய திருப்பி அடிக்கும், ஒரு நாளைக்கு எத்தனை தடவ உளி மழுங்கும்னு கணக்கே இல்ல. அதுலயும் மூக்கு நுனி, விரல் இடுக்கு எல்லாம் பொடிசா எடுத்தா பொரிஞ்சு போவும், அதனால தான் நாங்க விரலை சேத்து சேத்து வைக்கோம், காதை கழுத்தோட ஒட்ட வைக்கோம். ஆளுவ அதை ஸ்டைல்னு நெனைக்காங்க, பாதி கல்லுக்கு பயந்து பண்ணினதாக்கும்.

அமராவதிக்காரனுக்கு அந்தப் பயம் இல்ல. நயமான கல்லு, உளி சொன்ன பேச்சு கேக்கும். அதான் நெல்லிக்காய் அளவு தலைல கண்ணு மூக்கு தலைப்பாக்கட்டு எல்லாம் வைக்க முடிஞ்சுது, ஒரு ஆளுக்கு பொறத்தால இன்னொரு ஆளு, அதுக்கும் பொறத்தால ஜன்னல்னு மூணு அடுக்கா குடைய முடிஞ்சுது. நான் 2 வாட்டி போயிருக்கேன், ரெண்டாவது வாட்டி அந்த ஆனைக் கல்லை பாக்கும்போ எனக்கு ஆனை தெரியல, அவன் எந்தப் பக்கம் நின்னு அடிச்சுருப்பான், எதை முதல்ல எடுத்துருப்பான்னு தான் ஓடிச்சு. மேல உள்ள ஜன்னலை கடைசில எடுத்துருக்க மாட்டான், அதை விட்டா கை போவாது.

ஆனா அந்த நயம் தான் அதுக்கு எமன். சுண்ணாம்புக்கல்லை சூளைல போட்டா என்ன வரும்? சுண்ணாம்பு. அம்புட்டு தான்.

குளச்சல்_காத்து:
எல்லாம் செரி, ஆனா இதுக்கு சென்னை வரை போவணுமா? நம்ம சிதறால் மலைல புத்தர் செலை வரிசையா இருக்கே, மார்த்தாண்டத்துல இருந்து பஸ்ல போனா கையெட்டும் தூரம், டிக்கெட் செலவும் இல்ல. இங்க உள்ளதை பாக்க ஆளில்ல, சென்னைல உள்ளதுக்கு பெருமை

திருவட்டார்_டீச்சர்:
குளச்சல் தம்பி, கோவப்படாதீங்க, முப்பது வருசம் ஹிஸ்டரி எடுத்த வாய் சும்மா இருக்க மாட்டேங்குது. சிதறால்ல இருக்கிறது புத்தர் இல்ல, சமணத் தீர்த்தங்கரர்கள். திருச்சாரணத்துமலைன்னு பழைய பேரு. பார்சுவநாதர் இருக்காரு, அம்பிகை சிங்கத்தோட இருக்கா. பிற்பாடு பகவதி கோயிலா ஆயிட்டுது, அதான் இப்ப வரை அங்க பகவதின்னும் சொல்லுவாங்க. நம்ம ஊரு ஆளுகள்ல பத்துல எட்டு பேரு அதை புத்தர்னு தான் சொல்லுவாங்க, நான் ஸ்கூல் பிள்ளைகளை கூட்டிட்டு போகும்போ வழிகாட்ட வந்தவரே அப்பிடித்தான் சொன்னாரு, நான் பிள்ளைங்க முன்னால ஒண்ணும் சொல்லல.

எப்பிடி கண்டுபிடிக்கதுன்னு கேட்டா, மேல குடை பாருங்க, மூணு அடுக்கு குடை இருந்தா பெரும்பாலும் சமணம். அடுத்து நெஞ்சைப் பாருங்க. புத்தருக்கு துணி உண்டு, எவ்வளவு மெல்லிசா செதுக்கினாலும் ஒரு தோள்ல இருந்து இன்னொரு பக்கம் துணியோட ஓரம் ஒரு கோடா ஓடும். தீர்த்தங்கரருக்கு அந்தக் கோடு கெடையாது, வெறும் உடம்பு. தலைல புத்தருக்கு உச்சில ஒரு மேடு இருக்கும். பாம்பை வச்சு ஏமாறக் கூடாது, பார்சுவநாதருக்கும் பாம்பு, முசலிந்தம்னு அவருக்கு படம் எடுத்து குடை பிடிச்ச நாகத்தோட இருக்கிற புத்தருக்கும் பாம்பு. புத்தர் அந்தப் பாம்போட சுருள் மேலயே உக்காந்துருப்பாரு, அது ஒரு அடையாளம். நம்ம நாகர்கோவில் நாகராஜா கோயில் தூண்ல மகாவீரரும் பார்சுவநாதரும் இருக்காங்க, தினம் ஆயிரம் பேரு தாண்டிப் போறாங்க.

குளச்சல்_காத்து:
டீச்சர் மன்னிச்சுக்கிடுங்க, நானும் கேட்டதை சொன்னேன். அப்பம் நம்ம பக்கம் புத்தருக்கு ஒண்ணுமே கெடையாதா

திருவட்டார்_டீச்சர்:
மன்னிப்பெல்லாம் எதுக்கு தம்பி. இருக்கே. சிதறால் கல்வெட்டுல ஒரு ராசா பேரு வருது, விக்கிரமாதித்ய வரகுணன், ஆய் மன்னன், 9ஆம் நூற்றாண்டு கடைசி, 10ஆம் நூற்றாண்டு தொடக்கம். அவனோட 28ஆவது ஆட்சி வருசத்துல குணந்தாங்கி குரத்திகள்னு ஒரு சமணப் பெண் ஆசிரியர் அங்க உள்ள கோயில் தெய்வத்துக்கு பொன்னு குடுத்துருக்காங்க. அதே வரகுணன் தான் பாலியம் செப்பேட்டுல ஸ்ரீமூலவாசம்ங்கிற பௌத்தக் கோயிலுக்கு நிலம் குடுக்கிறான். ஒரே ராசா, இந்தக் கையில சமணத்துக்கு, அந்தக் கையில பௌத்தத்துக்கு. ஸ்ரீமூலவாசம் இப்ப இல்ல. ஆனா அந்தக் கேரளக் கரையில இன்னும் புத்தர் உண்டு, அம்பலப்புழை பக்கம் கருமாடிக்குட்டன்னு பாதி உடம்பு மட்டும் மிஞ்சின ஒரு கருங்கல் புத்தர், 1965ல தலாய் லாமாவே வந்து பாத்துட்டுப் போனாரு. காயங்குளம் கிருஷ்ணபுரம் கொட்டாரத்துலயும் ஒண்ணு உண்டு. நமக்கு அது எக்மோரை விட பக்கம், ஒரு நாள்ல போயிட்டு வந்துரலாம்.

பேச்சிப்பாறை_மாமா:
ஆனை விஷயத்துக்கு வாறேன். நான் சின்னதுல ஒரு திருவிழால ஆனை வெரண்டு ஓடினதை நேர்ல பாத்தவன், எந்தக் கோயில்னு வேண்டாம். தக்கலை தம்பி சொன்னாரே ஒரு பொம்பள பக்கத்து ஆளுமேல சாயிறான்னு, அது அப்பிடியே நடக்கும். யாரு எவருன்னு பாக்க மாட்டாவ, பக்கத்துல எவன் நிக்கானோ அவனைப் பிடிச்சுக்கிடுவாவ. எனக்க சட்டையை அன்னைக்கு பிடிச்சு கிழிச்சது யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. மாடில நின்னவன் மட்டும் வேடிக்கை பாப்பான், அவனுக்கென்ன. ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி ஒருத்தன் கல்லுல அதை எடுத்துருக்கான்னா அவனும் எங்கயோ ஆனைக்கு பயந்து ஓடினவனா தான் இருப்பான்

மயிலாடி_உளி:
மாமா சொன்னது தான் சங்கதி 🙏

சென்னையில்_நாஞ்சில்:
ஊரு ராஜாக்கமங்கலம், பதினஞ்சு வருசமா இங்க சென்னைல குப்பை கொட்டுறேன், மியூசியம் எனக்க ஆபீஸ்ல இருந்து நடந்து போற தூரம். மதியம் சாப்பாட்டுக்கு பொறவு உள்ள போய் ஒரு கல்லு மட்டும் பாத்துட்டு வந்துருவேன், மொத்தமா பாத்தா ஒண்ணும் மண்டைல நிக்காது. தக்கலை அண்ணன் விட்டது ஒண்ணு சொல்றேன். அடுத்த வாட்டி அங்க போனா புத்தரே இல்லாத கல்லைத் தேடிப் பாருங்க. ஆளுவ சுத்தி நின்னு கும்பிடுது, நடுவுல பாத்தா வெறும் நாற்காலி. ஒரு மெத்தை, அதுக்கு பொறத்தால அரச மரம், கீழ ரெண்டு பாதம், பாதத்துல சக்கரம். அம்புட்டு தான், ஆளு இல்ல. சிலதுல தீப்பிடிச்ச மாதிரி ஒரு தூண். அங்க அவரு இருக்காருன்னு அர்த்தம். மொதல்ல அப்பிடித்தான் காட்டிட்டு இருந்தாங்க, பொறவு தான் ஆனைக்கல்லு மாதிரி மனுச உருவமா வச்சது. அமராவதில வேலை நடந்தது ஒரு நாள் ரெண்டு நாளா, கி.மு. 2ஆம் நூற்றாண்டுல இருந்து கி.பி. 3 வரைக்கும். அதனால காலி நாற்காலியும் மனுச புத்தரும் ஒரே எடத்துல கெடைச்சுருக்கு.

எனக்கு அந்த காலி நாற்காலி தான் பிடிக்கும். எங்க தாத்தா போன பொறவு திண்ணைல அவருக்க சாய்வு நாற்காலி ஒரு வருசம் அப்பிடியே கெடந்துது, யாரும் அதுல இருக்க மாட்டோம், அந்த ஞாபகம்.

அப்பிடியே வெங்கலக் கேலரிக்கும் போங்க. நாகப்பட்டினத்துல மண்ணுக்குள்ள இருந்து 1856ல இருந்து கெடைச்ச வெங்கலப் புத்தர், மொத்தம் 350 கிட்ட, அதுல கொஞ்சம் இங்க இருக்கு. சின்னச் சின்னது தான். தலை உச்சில தீக்கொழுந்து மாதிரி ஒண்ணு நிக்கும், அதைப் பாத்தாலே நாகப்பட்டினம்னு சொல்லிரலாம். கடல் தாண்டி சுமத்ரா பக்கம் இருந்த ஸ்ரீவிஜய ராசா அங்க சூடாமணி விகாரம்னு புத்த மடம் கட்டினதும், ராஜராஜன் அதுக்கு ஆனைமங்கலம் ஊரை எழுதிக் குடுத்ததும் டீச்சர் இன்னும் நல்லா சொல்லுவாங்க. சிவன் கோயில் கட்டின அதே ராஜராஜன் தான்.

வேளிமலை:
இதெல்லாம் செரி, ஆனா நல்ல கல்லு பூரா லண்டன்ல இருக்கே அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்லல. வெள்ளைக்காரன் அள்ளிட்டு போனான், நாம மிச்சத்தை பாத்து கொள்ளாம் கொள்ளாம்னு சொல்லிட்டு இருக்கோம். மொதல்ல அதைத் திருப்பிக் கேக்கணும்

இரணியல்_நர்ஸ்:
நான் லண்டன்ல வேலை பாக்கேன், ஊரு இரணியல். நைட் டூட்டி முடிஞ்சு ஒரு நாள் தூக்கம் வராம பிரிட்டிஷ் மியூசியம் போனேன், டிக்கெட் கெடையாது. 33ஏ ரூம். 120க்கு மேல கல்லு அங்க இருக்கு. நான் மொதல்ல பாத்ததுமே என்ன தோணிச்சுன்னா, இது நம்ம ஊரு வெயில்ல இருக்க வேண்டிய கல்லு, இங்க குளிருல கண்ணாடிக்குள்ள நிக்குதேன்னு. என்னைய மாதிரியே. சிரிக்காதீங்க.

அங்க ஒரு கல்லு உண்டு, அதை மட்டும் சொல்லிட்டு போறேன். ரெண்டு பக்கமும் செதுக்கினது. ஒரு பக்கம் பழசு, அரச மரம், காலி ஆசனம், சென்னை அண்ணன் சொன்ன அதே மாதிரி. அதே கல்லை முந்நூறு நானூறு வருசம் கழிச்சு திருப்பிப் போட்டு பொறத்தால பக்கம் முழு ஸ்தூபத்தையே செதுக்கிருக்காங்க. அந்த ஸ்தூபம் இப்ப இல்லல்லா, அது எப்பிடி இருந்துதுன்னு தெரியணும்னா இந்தக் கல்லைப் பாத்தா போதும், கும்பம், சுத்தி வேலி, வாசல்ல சிங்கம், மேல பறக்கிற ஆளுவ எல்லாம் உண்டு. பழைய சேலைய உள்பக்கம் திருப்பி தலையணை உறை தச்ச மாதிரி. எங்க அம்மை அப்பிடி பண்ணுவா.

திருவட்டார்_டீச்சர்:
வேளிமலை தம்பி, கோவம் நியாயம் தான். ஆனா கதை கொஞ்சம் சிக்கலு. 1790கள்ல அமராவதி ஜமீன்தாரே புது டவுன் கட்ட ஸ்தூபம் இருந்த மேட்டைத் தோண்டி கல்லு எடுத்துருக்காரு. மயிலாடி தம்பி சொன்ன மாதிரி ஊர்க்காரங்க சூளைல போட்டு சுண்ணாம்பும் எடுத்தாச்சு. கம்பெனி சர்வேயர் காலின் மெக்கன்சி 1816ல ஆளுகளை வச்சு மிச்சம் உள்ளதை படம் வரைய வச்சாரு, அந்தப் படத்துல இருக்கிற பல கல்லு பொறவு காணவே காணோம். 1845ல வால்டர் எலியட்னு ஒரு வெள்ளைக்கார அதிகாரி தோண்டி மெட்ராஸ் கொண்டு வந்தாரு, அதுல ஒரு பங்கு 1859ல கப்பல் ஏறிச்சு. லண்டன்லயும் ஆரம்பத்துல வெட்டவெளில மழைலயும் பனிலயும் கெடந்துருக்கு. இங்க மெட்ராஸ்ல இருந்ததையும் அந்தக் காலத்துல சுவத்துல சிமெண்டு வச்சு பதிச்சுட்டாங்க, அந்த உப்பு கல்லுக்குள்ள எறங்கி அரிச்சுருக்கு. அதனால கேக்கணும்னா கேப்போம், ஆனா யாரு மேல விரல் நீட்டினாலும் மூணு விரல் நம்ம பக்கம் திரும்புது.

வேளிமலை:
டீச்சர் நீங்க சொல்றது செரி தான், ஆனா சூளைல போட்டது தெரியாம பண்ணினவன், கப்பல்ல ஏத்தினது தெரிஞ்சே பண்ணினவன். ரெண்டும் ஒண்ணு இல்ல. இதுல நான் மாற மாட்டேன்

திருவட்டார்_டீச்சர்:
மாற வேண்டாம். அது நல்ல வாதம் தான்.

குளச்சல்_காத்து:
எனக்கு ஒரு டவுட்டு. சேலம்ல ஒரு முனியப்பன் கோயில் கேஸ் வந்துதே, அது புத்தர்னு கோர்ட்டு சொல்லிச்சே, அதுவும் இதுல வருமா

சென்னையில்_நாஞ்சில்:
தலைவெட்டி முனியப்பன். 2022ல மெட்ராஸ் ஹைகோர்ட்டு தீர்ப்பு. தொல்லியல் ஆளுக வந்து அளந்து பாத்து புத்தர் தான்னு ரிப்போர்ட் குடுத்தாங்க, கோர்ட்டும் ஏத்துக்கிட்டுது. அங்க போய் கெடா வெட்டினவங்களை நெனச்சா எனக்கு கஷ்டமாவும் இருக்கு, சிரிப்பாவும் இருக்கு. அவங்க கும்பிட்டதால தான் அது சூளைக்கும் போவாம, கப்பலுக்கும் போவாம அங்கயே இருந்துது, அதையும் மறக்க கூடாதுல்லா.

மயிலாடி_உளி:
தக்கலை அண்ணே, ஒரு வேலை சொல்றேன் செய்வியளா. மவளை கூட்டிட்டு சிதறால் போங்க. அது பாறைல மேலோட்டமா எடுத்த வேலை, கருங்கல்லு, அமராவதி மாதிரி ஆழம் கெடையாது, அதான் நேரா பாத்தா சப்பையா தெரியும். பாறை வேற குடை பிடிச்ச மாதிரி மேல நீட்டிட்டு நிக்கும், நெழலு. போம்போ ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் மூடி கொண்டு போங்க. வெயில்ல நின்னு மூடியக் காட்டி வெளிச்சத்தை பக்கவாட்டுல இருந்து பாறை மேல அடிங்க, நேரா அடிக்க கூடாது. நாங்க பட்டறைல மொகம் சரியா வந்துருக்கான்னு அப்பிடித்தான் பாப்போம். பாத்துட்டு எழுதுங்க. கல்லைத் தொட வேண்டாம், எண்ணெ போட வேண்டாம்.

தக்கலைக்காரன்:
போயாச்சு. நேத்து ஞாயித்துக்கிழமை.

எத்தனையோ வாட்டி ஏறின மலை தான், காலேஜ் காலத்துல பரீட்சைக்கு முந்தின நாள் கூட ஏறிருக்கேன், மேல இருந்து தென்னந்தோப்பையும் ஆத்தையும் பாத்துட்டு போட்டோ எடுத்துட்டு எறங்கிருவோம். செலைய ஒரு நாளும் நின்னு பாத்தது இல்ல. நேத்து மவ தான் மூடி பிடிச்சா. மொதல்ல வெளிச்சம் எங்கெங்கயோ போவுது, அவளுக்கே சிரிப்பு. பொறவு கைய பைய பைய சரிச்சு ஒரு எடத்துல நிறுத்தினா பாருங்க, சப்பையா இருந்த பாறைல ஒரு தோளு எந்திரிச்சுது, அப்பறம் நாடி, அப்பறம் மேல குடை, எண்ணினா மூணு அடுக்கு. மூடியை அசைச்சா அந்த மொகம் மூச்சு விடுற மாதிரி அசையுது. மவ கேக்கா, அப்பா துணி ஓரம் தெரியுதா பாருங்கன்னு. நெஞ்சு பூரா தேடினேன், கோடே இல்ல. டீச்சர் சொன்னது செரி.

மலை ஏற வந்த ஒரு குடும்பம் என்ன பண்ணுறியன்னு கேட்டு நின்னாவ. அந்தப் பாட்டி மூடியை வாங்கிப் பிடிச்சுப் பாத்துட்டு, நாப்பது வருசமா வாறேன், இந்த ஆளுக்கு மூக்கு இருக்குன்னு இன்னைக்கு தான் தெரியும்னு சொன்னா. மூடியை திருப்பி வாங்க பாடுபட்டு போச்சு.

பேச்சிப்பாறை_மாமா:
ஹாஹா பாட்டி கொள்ளாம்

குளச்சல்_காத்து:
செரி நான் தோத்தேன். தை மாசம் சென்னைல ஒரு கல்யாணம் உண்டு, டிக்கெட் போட்டாச்சு. வெள்ளிக்கிழமை காலைல எக்மோர்ல எறங்கி நேரா மியூசியம் போய் ஆனைய பாத்துட்டு அன்னைக்கு ராத்திரியே திரும்புறேன், மூடியும் எடுத்துக்கிட்டேன்

தக்கலைக்காரன்:
எந்தக் கெழமைன்னு சொன்னீரு??

மயிலாடி_உளி:
கேன்சல் பண்ணும் ஓய். மூடியும் வேண்டாம், செக்யூரிட்டி பிடிச்சுருவான்.